பெரியவர்களும் விளையாடத்தான் வருகிறோம்

பிள்ளைகள் இல்லாமல் கணவனும் மனைவியுமாக ஒரு தீம் பார்க்குக்குப் போனால், வரிசையில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "பசங்கள யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?" எங்களுக்குக் குழந்தை இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்புறம் இங்க எதுக்கு வந்தீங்க?"

கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. வெயிலில் நிற்கிறோமே என்று தங்கள் குடைக்குள் நமக்கும் இடம் கொடுக்கிறவர்கள்தான். ஆனாலும் அந்த இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நேரான பதில் உண்டு. விளையாட வந்தோம். டிக்கெட் எடுத்து, ஒரு நாள் முழுக்க விளையாட வந்தோம்.

நானும் என் கணவரும் விரும்பிப் போகும் இடம் பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதி பக்கம் இருக்கும் வொண்டர்லா. 2005இல் திறந்தது. அங்கே குழந்தை டிக்கெட்டா, பெரியவர் டிக்கெட்டா என்பதை உயரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 85 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் இலவசம், 140 வரை குழந்தை, அதற்கு மேல் பெரியவர். பெரிய ரைடுகள் பலவற்றில் 140 இல்லாத யாரையும் ஏற்றுவதில்லை. தோளை அழுத்திப் பிடிக்கும் அந்தக் கம்பி வளர்ந்த உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது, சின்ன உடம்பை அது சரியாகப் பிடிக்காது. ஒரு ரைடு வாசலில் அளவுகோலின் கீழே ஒரு பையன் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஊழியர் அவன் தோளில் கைவைத்து மெதுவாக இறக்கிவிட்டு, "அடுத்த வருஷம் வா" என்றார். பையன் அழுதுகொண்டே போனான். இது குழந்தைகளுக்கான இடம் என்று சொல்பவர்கள் அந்த வாசலில் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும்.

ரீகாயில் என்று ஒரு ரோலர் கோஸ்டர் இருக்கிறது. வண்டியைப் பின்பக்கமாகவே உச்சிக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். நம் முகம் தரையைப் பார்த்திருக்கும், உடம்பின் எடை முழுவதும் அந்தத் தோள் கம்பியில் தொங்கும். மேலே ஒரு கணம் நிற்கும். பிறகு விட்டுவிடுவார்கள். மூன்று முறை தலைகீழாகப் புரட்டி எதிர்க் கோபுரத்தில் ஏற்றி, அங்கிருந்து அதே பாதையில் பின்னோக்கி இன்னும் மூன்று முறை. எதுவும் தெரியாமல் முதுகுப் பக்கமாக விழும் அந்த இரண்டாம் பாதியில் வீட்டுக் கடன், அலுவலகம், அடுத்த மாதத்து டாக்டர் அப்பாயின்ட்மென்ட் எதுவும் மண்டையில் நிற்காது. பத்து வயதில் எனக்கு இது இவ்வளவு தேவைப்பட்டதில்லை.

அப்புறம், எனக்கு மனசு வலிக்கிற ஒரு காட்சி. எந்த வாட்டர் தீம் பார்க்கிலும் பாருங்கள், அலைக்குளத்தின் ஓரத்து பெஞ்சுகளில் வரிசையாக அம்மாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்திருப்பார்கள். மடியில் நான்கு பை. தோளில் ஈரத்துண்டுகள். கையில் கணவரின் செல்போனும் மூக்குக்கண்ணாடியும். அவர்களில் பலரும் முழு டிக்கெட் எடுத்து வந்தவர்கள், கால் நனைக்காமலே வீட்டுக்குப் போவார்கள். "நீங்க இறங்கலையா?" என்று கேட்டால், "எனக்கெதுக்கும்மா, பிள்ளைங்க விளையாடினா போதும்" என்பார்கள்.

வால்ட் டிஸ்னி ஒரு பழைய கதை சொல்வதுண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் பார்க்கில் தன் மகள்கள் குதிரை ராட்டினம் சுற்ற, தான் பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாராம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடுவது போல ஓர் இடம் வேண்டும் என்று அப்போது தோன்றியதாம். 1955 ஜூலையில் டிஸ்னிலேண்ட் திறந்ததற்குப் பின்னால் அந்த பெஞ்சு இருக்கிறது. பெரியவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் இந்த மாதிரி இடத்தையே யோசித்திருக்கிறார் மனுஷன். நாம் பணம் கொடுத்து உள்ளே போய் மறுபடி பெஞ்சிலேயே உட்காருகிறோம்.

நம் ஊரில் பெரியவர்கள் விளையாடியதே இல்லையா என்ன? வையையில் புதுவெள்ளம் வந்ததும் மதுரை ஊரே திரண்டு போய் நீராடியதை, ஒருவர் மேல் ஒருவர் நீர் பீய்ச்சி விளையாடியதைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. அதில் வருகிறவர்கள் காதலர்களும் கணவன் மனைவியரும். ஊஞ்சல் கூடத்தில்தான் தொங்கியது, அதில் ஆடியது வளர்ந்த பெண்களும்தான். சென்னை விஜிபி பூங்காவில் சிலை போல ஆடாமல் அசையாமல் நிற்கும் மனிதரைச் சிரிக்க வைக்கக் கோணங்கி காட்டியவர்களில் எத்தனை அப்பாக்கள்! இடையில் எப்போதோ, கல்யாணம் ஆனவர்கள் பிள்ளையைச் சாக்கு வைத்துத்தான் சிரிக்கலாம் என்று ஆக்கிவைத்துவிட்டோம். பிள்ளை இல்லாதவர்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை.

என் நெருங்கிய தோழி ஒருத்தி சில வருடங்களாகக் குழந்தைக்காக சிகிச்சையில் இருக்கிறாள். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். ஆனால் இந்த மாதிரி இடத்துக்கு வர மாட்டேன் என்கிறாள். ரைடுக்கு அவள் பயப்படவில்லை, வரிசையில் வரும் கேள்விக்குப் பயப்படுகிறாள். முகம் தெரியாதவர்களிடம் பிள்ளைக் கணக்கு கேட்பதை தயவுசெய்து விட்டுவிடுவோம். எந்த ரைடு நன்றாக இருந்தது என்று கேளுங்கள், சந்தோஷமாகப் பேசிக்கொண்டு நிற்போம்.

கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "நீங்க ரெண்டு பேர்தானே, கொஞ்சம் விடுங்க" என்பது எங்களுக்குப் பழகிப்போன வசனம். வெயிலில் துவண்ட குழந்தையோடு ஒருவர் வந்தால் யோசிக்காமல் வழிவிடுகிறோம், சின்னப் பிள்ளைகளின் பகுதிக்குள் நாங்கள் எட்டிப் பார்ப்பதும் இல்லை. ஆனால் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு, கடைசி நிமிடத்தில் குடும்பமே கம்பிக்கு அடியில் குனிந்து வந்து சேர்ந்துகொள்வதை ஏற்க முடியாது. ஒரு மணி நேரம் எங்கள் காலும்தான் வலித்தது.

சில இடங்களில் "குடும்பத்தோடு வந்தால் மட்டும் அனுமதி" என்ற விதி இருக்கிறது. அது ஏன் வந்தது என்று பெண்ணாக எனக்குப் புரிகிறது. அலைக்குளத்தில் கும்பலாக இடித்துக்கொண்டு வருபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு ஆள் போட்டுக் கண்காணியுங்கள், தவறு செய்பவனை உடனே வெளியே அனுப்புங்கள். மூன்று தோழிகளாகப் போனாலும், அண்ணன் தம்பி இரண்டு பேராகப் போனாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புவது நியாயம் இல்லை. பிள்ளையோடு வருகிறவர் எல்லோரும் ஒழுங்கு என்றும் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, போக நினைப்பவர்களுக்கு. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் சென்னைக்கும் வொண்டர்லா வந்துவிட்டது, இனி பெங்களூருவோ கொச்சியோ போக வேண்டியதில்லை. பள்ளி விடுமுறையையும் ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். பிள்ளைகளின் பரீட்சை அட்டவணையைப் பார்க்காமல் வார நாளில் லீவு போடும் வசதி நமக்கு இருக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். திறந்தவுடன் உள்ளே போய் பெரிய ரைடுகளை முதலில் முடியுங்கள், வெயில் ஏறியதும் தண்ணீருக்கு வரலாம். பருத்தி உடையோடு தண்ணீரில் விட மாட்டார்கள், நைலான் உடை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவையோ அத்தையையோ கூட்டிப் போனால் அவர்களுக்கும் ஒரு செட் சேர்த்து எடுங்கள். பைகளுக்கு வாடகை லாக்கர் இருக்கிறது.