நல்லா ஆடினா பையன், சொதப்பினா பொண்ணு

பிஜிஎம்ஐ-யில், அதாவது போனில் ஆடும் பப்ஜியின் இந்தியப் பதிப்பில், தெரியாதவர்களோடு நாலு பேர் ஸ்குவாட் சேர்ந்து, மைக்கை ஆன் செய்து, "240-ல ஒருத்தன், மரத்துக்குப் பின்னாடி" என்று எதிரி நிற்கிற திசையை நான் சொன்னால் ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. "டேய், பொண்ணுடா!" அவ்வளவுதான், ஆட்டம் அங்கேயே முடிந்தது. எதிரி ஸ்கோப் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்கிறான், இவர்களுக்கோ நான் எந்த ஊர், என்ன படிக்கிறேன், இன்ஸ்டா ஐடி என்ன என்பதுதான் கவலை. ஒருவன் செல்லம் கொஞ்சுவான், இன்னொருவன் "சமையல் முடிஞ்சுதா?" என்பான், மூன்றாவது ஆள் ரொம்ப நல்லவன், "விடுங்கடா, சிஸ்டர் பாவம்" என்று அடக்கிவிட்டு ஆட்டம் முடிந்ததும் தனியாக மெசேஜ் அனுப்புவான். மூன்று பேரில் யார் மேல் எனக்கு அதிகக் கடுப்பு என்று கேட்டால், அந்த மூன்றாவது ஆள் மேல்தான்.

சரி, இதையெல்லாம் காதில் வாங்காமல் ஆடி, கடைசியில் நான் ஒருத்தி மட்டும் மிஞ்சி, எதிர் ஸ்குவாடையே முடித்துவிட்டேன் என்று வையுங்கள். பாராட்டு வருமா? "இது பையன்டா, வாய்ஸ் சேஞ்சர் போட்டிருக்கான்" என்று வரும். இல்லையென்றால் "அண்ணன்கிட்ட போனைக் குடுத்துட்டியா?" அதே நான் ஒரு குண்டைத் தப்பாக எறிந்துவிட்டால் மட்டும் யாருக்கும் சந்தேகமே வராது, "பொண்ணுங்களோட சேர்ந்தா இப்படித்தான்" என்று உடனே தீர்ப்பு. நன்றாக ஆடினால் நான் பெண்ணே இல்லை, சொதப்பினால் உலகத்தில் உள்ள அத்தனை பெண்களுக்கும் நான்தான் பிரதிநிதி. என்ன கணக்குடா இது?

நம்மூர் பசங்க மட்டும்தான் இப்படி என்றும் சொல்ல முடியாது. 2016-இல் தென்கொரியாவில் கெகுரி என்ற பெயரில் ஓவர்வாட்ச் என்ற துப்பாக்கிச் சுடும் கேம் ஆடிய பெண்ணுக்கு அப்போது 17 வயது. குறி இவ்வளவு துல்லியமாக விழுகிறதே, நிச்சயம் ஹேக்தான், ஏதோ மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறாள் என்று தொழில்முறை ஆட்டக்காரர்களே கிளம்பினார்கள், அதில் இரண்டு பேர் தாங்கள் சொன்னது பொய்யானால் ஆட்டத்தையே விட்டுவிடுகிறோம் என்று சவால் வேறு விட்டார்கள். அந்தப் பெண் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், மவுஸ் பிடித்த கையைக் கேமராவில் காட்டியபடி நேரலையில் ஆடி நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபித்தார், அந்த இரண்டு பேரும் விலகினார்கள், 2018-இல் ஷாங்காய் டிராகன்ஸ் அணிக்குப் போய் அந்த கேமின் தொழில்முறைப் போட்டித் தொடரான ஓவர்வாட்ச் லீகின் முதல் பெண் ஆட்டக்காரரும் ஆனார். சந்தோஷம்தான். ஆனால் எனக்கு ஆறாதது என்னவென்றால், திறமையைக் காட்டிய குற்றத்துக்காக ஒரு பள்ளிக்கூட வயதுப் பெண் கேமரா முன்னால் உட்கார்ந்து கையைக் காட்ட வேண்டியிருந்ததே, அதுதான்.

இதைச் சொன்னால் உடனே ஓர் இலவச ஆலோசனை கிடைக்கும்: "மைக்கை ஆஃப் பண்ணிட்டு ஆடு." ஸ்குவாட் ஆட்டத்தில் பேச்சுதான் பாதி பலம். எதிரி எந்தத் திசை, யாருக்கு மருந்து தீர்ந்தது, இப்போது முன்னேறலாமா, பாதுகாப்பு வட்டம் சுருங்கும்வரை காத்திருக்கலாமா, எல்லாமே வாயால்தான் நடக்கிறது. அதை விட்டுவிட்டு ஊமையாக ஆடினால் தோற்கத்தான் செய்வேன். தோற்றால், பார்த்தாயா, பொண்ணுங்களுக்கு வராது. பேசாமலே இருந்தால் எவருக்கும் நான் பெண் என்றே தெரியாது, அப்புறம் "பொண்ணுங்க எங்க கேம் ஆடுறாங்க?" என்று கேட்பார்கள். எத்தனை பெண்கள் ஆண் பெயரில் ஐடி வைத்து வாயை மூடிக்கொண்டு ஆடுகிறார்கள் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதில் இன்னொரு வேடிக்கை. ஆட்டம் தொடங்கும் முன் கூடுகிற லாபியில் என்னோடு வருகிற பசங்களில் பாதிப் பேர் பெண் கேரக்டர்தான் வைத்திருக்கிறார்கள், அதற்குக் காசு கொடுத்து விதவிதமாக உடுப்பு வேறு. ஸ்கிரீனில் பெண் ஓடலாம், மைக்கில் மட்டும் பேசக்கூடாது.

வீட்டிலும் இதே கதைதான். தம்பி விடிய விடிய ஆடினால் "பையன், என்ன பண்ணுவான்", நான் ஒரு மணி நேரம் ஆடினால் "எந்நேரமும் போனை நோண்டிக்கிட்டு". அம்மா கேண்டி க்ரஷ்ஷில் ஆயிரக்கணக்கான லெவல் தாண்டியிருப்பார், தம்பியைக் கேட்டால் அதெல்லாம் கேமே இல்லையாம். அது யார் போட்ட சட்டம்? பல்லாங்குழியில் நாலு குழி முன்னாலேயே கணக்குப் போட்டு எதிராளியைத் துடைத்தெடுக்கிற பாட்டியிடம் போய், பெண்களுக்கு வியூகம் வராது என்று சொல்லிப் பாருங்களேன்.

வீடியோ கேம் என்றாலே ஏதோ இவர்கள் தாத்தா காலத்துச் சொத்து மாதிரிப் பேசுகிறார்கள். பேக்-மேனை வடிவமைத்த தோரு இவாதானி, காசு போட்டு கேம் ஆடும் ஆர்கேடுக்குப் பெண்களும் வர வேண்டும் என்று நினைத்தே 1980-இல் அதைக் கொண்டுவந்தார். 1981-இல் வந்த சென்டிபீடை உருவாக்கிய இருவரில் ஒருவர் டோனா பெய்லி, 1982-இல் ரிவர் ரெய்டை எழுதியவர் கேரல் ஷா. சிஸ்டர் எப்படி கேமுக்கு வந்தீங்க என்று கேட்கிறவன் அப்போது பிறந்தே இருக்கமாட்டான்.

வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சுடும் கேமில் பெண்களுக்கும் பாலினச் சிறுபான்மையினருக்கும் என்று 2021-இல் கேம் சேஞ்சர்ஸ் போட்டிகளைத் தொடங்கினார்கள். அதற்கும் எரிச்சல். "சமத்துவம்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்குத் தனிப் போட்டி?" என்று நியாயம் பேச வந்துவிடுகிறார்கள். தம்பி, முதலில் ஊர் பேர் கேட்காமல், ஐடி கேட்காமல், என் குரலை ஆராயாமல் ஒரே ஒரு ஆட்டத்தைக் கடைசி வட்டம்வரை என்னோடு ஆடி முடி. அந்தக் கேள்வியை அப்புறம் பேசுவோம்.