ஸ்டோக்கர் அங்கே போகவே இல்லை

ருமேனியாவில் இருக்கும் திரான்சில்வேனியா மலைகளில் அலைந்து திரிந்த பிறகே பிராம் ஸ்டோக்கர் டிராகுலா என்ற திகில் நாவலை எழுதினார் என்று ஒரு கட்டுரையில் இருப்பது தவறு. அந்தப் பக்கம் அவர் கால் வைத்ததே கிடையாது. லண்டன் லைசியம் நாடக அரங்கில் மேனேஜர் வேலை, எழுத்தெல்லாம் மிச்ச நேரத்தில்தான். 1890 கோடையில் விட்பி என்ற இங்கிலாந்துக் கடலோர ஊரில் தங்கியபோது, அங்கே நூலகத்தில் வில்கின்சன் எழுதிய பழைய புத்தகத்தில்தான் 'டிராகுலா' என்ற பெயரே அவருக்குக் கிடைத்தது. அவருடைய கையெழுத்துக் குறிப்புகளில் நாவலில் வரும் இரத்தம் குடிக்கும் பிரபுவுக்கு முதலில் வைத்திருந்த பெயரை அடித்துவிட்டு 'டிராகுலா' என்று எழுதியிருக்கிறார். 1885இல் அதே விட்பி கரையில் தரைதட்டிய டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல்தான் நாவலில் டிராகுலா வந்து இறங்கும் டிமீட்டர் கப்பல் ஆனது. நேரில் பார்க்காமல் இவ்வளவு தத்ரூபமாக எழுத முடியுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நேரில் பார்த்தது விட்பியைத்தான். நாவலின் நாயகி மீனா ராத்திரியில் மூச்சிரைக்க ஏறும் அந்த 199 படிகள் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனாலும் எனக்கென்னவோ அவர் பார்க்காத திரான்சில்வேனியாவில் வரும் டிராகுலாவின் கோட்டைதான் அதிக பயம், அது வேறு விஷயம்.