அந்த மெஷினில் அம்மாவை ஏற்றினால்...

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவும் நானும் ‘கணம்’ பார்த்தோம். எனக்கு இரண்டாவது முறை. 2022 செப்டம்பரில் வெளிவந்தபோது தியேட்டருக்குத் தனியாகப் போய், அழுதது பக்கத்து சீட்டுக்குத் தெரியக்கூடாது என்று கடைசிப் பெயர் ஓடி முடியும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். அம்மாவுக்கு இதுதான் முதல் முறை. அவள் அழவில்லை. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2019இல் இருக்கும் மூன்று நண்பர்கள், விஞ்ஞானி நாசரின் இயந்திரத்தில் ஏறி 1998க்குப் போகிறார்கள். சர்வானந்துக்கு விபத்தில் இறந்துபோன அம்மாவைக் காப்பாற்ற வேண்டும். ரமேஷ் திலக்குக்குச் சின்ன வயசுப் பையனாக இருக்கும் தன்னையே பிடித்து உட்காரவைத்து ஒழுங்காகப் படிக்கச் சொல்ல வேண்டும். சதீஷுக்குப் பள்ளிக்கூடத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட பெண் விஷயத்தைச் சரிசெய்ய வேண்டும். ஸ்ரீ கார்த்திக் இயக்கியது. அமலா கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்துத் தமிழுக்குத் திரும்பி வந்த படம். முடிவைச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே இந்த ஆசைகளின் அளவுதான். உலகப் போரை நிறுத்தக் கிளம்பவில்லை, யாரையும் சுட்டுக் கொல்லப் போகவில்லை. இன்னும் சொன்னால், பணம் சம்பாதிக்கக்கூடப் போகவில்லை. என் மச்சானிடம் அந்த மெஷினைக் கொடுத்தால் நேரே 1998 சோழிங்கநல்லூரில் போய் இறங்கி நாலு கிரவுண்ட் வாங்கிப் போட்டுவிட்டுத்தான் டீயே குடிப்பார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐ.டி. கம்பெனிகளுக்கான டைடல் பார்க் திறந்தது 2000இல். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அந்தச் சாலையில் நிலம் விற்றவர்கள் எத்தனை பேர் இன்றும் தூக்கம் வராமல் புரள்கிறார்கள்!

தமிழில் இந்த வகைப் படங்கள் இப்போது கொஞ்சம் சேர்ந்துவிட்டன. 2015இல் வந்த ‘இன்று நேற்று நாளை’யில் எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் தொழில் நடத்துவார்கள், அதுவும் ஜோசியம் என்ற பெயரில். அந்த ஒரு யோசனைக்கே இயக்குநர் ரவிக்குமாருக்குச் சென்னைவாசிகள் சார்பில் ஒரு மாலை போடலாம். அடுத்த வருடம் ‘24’ல் சூர்யா கையில் கடிகாரம். ‘மார்க் ஆண்டனி’யில் இறந்தகாலத்துக்குப் பேசும் ஃபோன். கருவி மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் சுற்றிச் சுற்றி நம் ஆட்கள் போய் நிற்பது குடும்பத்தில்தான். இது குறை இல்லை. நமக்கு வரலாறு என்றால் பெரும்பாலும் யார் வீட்டுக் கல்யாணத்தில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பதுதானே.

எனக்கும் ஒரு தேதி உண்டு. 1998 மார்ச் 9, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட், நாலாவது நாள். முதல் இன்னிங்ஸில் நாலு ரன்னில் வார்னேவிடம் அவுட்டான டெண்டுல்கர், அன்று அதே வார்னேவை அடித்து நொறுக்கி 155, ஆட்டமிழக்காமல். அப்போது நாங்கள் திருவல்லிக்கேணியில் குடியிருந்தோம். மைதானத்தில் எழும் சத்தம் மொட்டை மாடிக்குக் கேட்கும். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா யாரையோ பிடித்து இரண்டு டிக்கெட் வாங்கி வந்திருந்தார். “வாடா, ஒரு நாள் படிக்கலேன்னா குடி முழுகிடாது” என்றார். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. வரவில்லை என்றேன். அப்பா தனியாகப் போனார். சாயந்திரம் தொண்டை கட்டித் திரும்பி வந்து, சாப்பிடும்போது தோசைக் கரண்டியை வைத்து அந்த அடிகளை அடித்துக் காட்டினார். 2011இல் போய்விட்டார்.

அவரைச் சாவிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அந்தப் பையன் தோளைத் தொட்டு, போடா, போய்ச் சட்டையை மாட்டு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ரமேஷ் திலக் தன்னைப் படிக்கச் சொல்லப் போனார், நான் புத்தகத்தை மூடச் சொல்லப் போவேன்.

இதையெல்லாம் படம் முடிந்ததும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், வெண்டைக்காய்த் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டாள்: “எல்லாம் சரி. பையனுங்களே ஏறி ஏறிப் போறானுங்க. அந்த அம்மாவை ஒரு வார்த்தை கேட்டானுங்களா, உனக்கு எங்கம்மா போகணும்னு?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், எனக்கு நினைவிருக்கும் வரை நம் படங்களில் அம்மா என்பவள் போய் இறங்கும் ஊர்தான், பயணி இல்லை. மகன் கிளம்புவான், அவள் அங்கே அப்படியே புடவை தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பாள். ‘கணம்’ மற்றவற்றைவிட எவ்வளவோ மேல். வளர்ந்த மகன் எதிரில் நிற்கிறான், அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. அந்த இடத்தை அமலா அவ்வளவு இயல்பாகச் செய்திருக்கிறார். ஆனாலும் வருத்தம் முழுக்க மகனுடையது. அவளுக்கு என்று திருத்த ஒரு தேதி இருக்குமா என்று கதை நின்று கேட்கவில்லை.

சரி, நான் கேட்டேன். “உனக்கு எங்கம்மா போகணும்?”

ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. “எழுபத்து மூணு, ஜூன்.”

என்ன கதை என்றால், அம்மா அந்த வருடம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருக்கிறாள். ராணி மேரி கல்லூரியில் பி.யு.சி.க்கு, அதாவது பட்டப்படிப்புக்கு முன்னால் அப்போது இருந்த ஒரு வருடப் படிப்புக்கு, இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்டக் கடைசித் தேதிக்கு முந்தின வாரம் பெரிய மாமாவுக்கு மஞ்சள் காமாலை. வைத்தியச் செலவு போக மீதி இல்லை என்று தாத்தா சொல்லிவிட்டார். கட்ட வேண்டிய தொகையை ரூபாய், பைசா சுத்தமாக இப்போதும் சொல்கிறாள். மெஷின் கிடைத்தால் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு புரசைவாக்கத்தில் பஸ் ஏறி, கடற்கரையில் இறங்கி, கவுண்ட்டரில் கட்டிவிட்டு ரசீதை வாங்கி அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவாளாம்.

எனக்கு அப்போதுதான் 2003 நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லூரியை எடுத்துவிட்டுப் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்து, மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நாட்களில் அம்மா பேப்பர் வந்த உடனே மற்றதை விட்டுவிட்டு அந்தச் செய்தியைத் தேடுவாள். படிக்காத கல்லூரிக்கு இவளுக்கு என்ன இவ்வளவு அக்கறை என்று நான் கிண்டல்கூடச் செய்திருக்கிறேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். அப்பா வீட்டில் பெண் பார்க்கும்போது போட்ட நிபந்தனை எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்: எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் படித்த பெண் வேண்டாம். ஆக அம்மா அந்த ரசீதை வாங்கினால் 1980இல் அந்தக் கல்யாணம் இல்லை.

“அப்போ நான்?”

“நீ எங்கயாவது பொறந்திருப்பே. நல்லாவே இருந்திருப்பே.” சிரித்தாள். இதை அவள் எப்போதோ யோசித்து முடித்துவிட்டாள் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

தாத்தாவைக் கொன்றால் பேரன் எப்படிப் பிறப்பான் என்று காலப்பயணக் கதைகளில் ஒரு புதிர் சொல்வார்கள். அதில் கொலை எல்லாம் தேவையே இல்லை, ஒரு கல்லூரிக் கட்டண ரசீது போதும். நம் படங்கள் இந்தப் பக்கம் ஏன் வருவதில்லை என்றும் புரிகிறது. மகன் காலத்தில் பின்னோக்கிப் போனால் பாசம் இன்னும் இறுகும், டிக்கெட் விற்கும். அம்மா போனால் அந்தப் பாசம் எதன் மேல் கட்டியது என்று பார்க்க வேண்டி வரும். விதியைவிட வலியது எது என்று 380ஆவது குறளில் கேட்ட வள்ளுவரே, விடாமல் முயல்பவர் அதையும் புறமுதுகு காட்ட வைப்பார் என்று 620இல் சொல்லிவிட்டார். நம் டைம் டிராவல் இயக்குநர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஷட்டில் அடிக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் ஒருமுறையாவது விடாமல் முயல்கிற அந்த ஆள் 16 வயசுப் பெண்ணாக இருக்கட்டுமே. பின்னணியில் அம்மா பாட்டு வேண்டாம், தயவுசெய்து.

கொஞ்ச நேரம் கழித்து, மனசு கேட்காமல் இன்னொன்றும் கேட்டுவிட்டேன். “அப்பாவைப் பார்க்கப் போகணும்னு தோணலையா உனக்கு?”

“அவரைத்தான் முப்பத்தோரு வருஷம் பார்த்தேனே.”

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்: “அந்த மேட்ச்சுக்கு நீ போயிருக்கலாம்டா. பெருசா படிச்சு, கணக்குல அறுபத்தொண்ணுதானே வாங்கினே.”