பேரை விடுங்க, டெபாசிட் கட்டியது யாருன்னு கேளுங்க

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தெருமுனையில் நின்று "ஏ, சுடலைமுத்து" என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். குலசாமி பேரையும் தாத்தா பேரையும் மாற்றி மாற்றி வைத்தே வந்த ஊர் இது. ஊருக்குள் இதனால் யாரும் குழம்புவதில்லை. மேலத்தெரு சுடலை, ரைஸ்மில் சுடலை, டெய்லர் சுடலை, அவ்வளவுதான்.

அதனால்தான், பெரிய வேட்பாளர் ஓட்டைப் பிரிக்க அவர் பேரிலேயே மனு போடும் டம்மி சுயேச்சைகளைத் தடை செய்ய வேண்டும் என்று யாராவது கொதிக்கும்போது எனக்கு உதறல் எடுக்கிறது. தடை வந்தால் முதலில் அடிபடுவது எங்கள் ஊர் அசல் சுடலைமுத்துகள்தான்.

கோபம் நியாயமானது, அதை மறுக்கவில்லை. 2024-ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பேரில் இன்னும் ஐந்து பேர் மனு போட்டார்கள். தற்செயல் என்று குழந்தைகூட நம்பாது. அதே ஆண்டு மே மாதம் இந்த விவகாரம் பொதுநல மனுவாக உச்ச நீதிமன்றம் போனது. பெற்றோர் ஒருவருக்கு ராகுல் காந்தி என்றோ லாலு பிரசாத் யாதவ் என்றோ பேர் வைத்துவிட்டால், அவரைத் தேர்தலில் நிற்காதே என்று எப்படித் தடுப்பது என்று நீதிபதிகள் கேட்டார்கள். மனு வாபஸ் ஆனது. எனக்கு அந்தக் கேள்வி சரியாகத்தான் பட்டது.

கேரளாவில் நடந்ததைப் பார்த்தால் நஷ்டம் எவ்வளவு என்று புரியும். 2004-ல் ஆலப்புழாவில் காங்கிரஸின் வி.எம்.சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். வி.எஸ்.சுதீரன் என்ற சுயேச்சைக்கு விழுந்தது எட்டாயிரத்துக்கும் மேல். 2015-லிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் போட்டோ வந்துவிட்டது, இனிப் பிரச்சினையில்லை என்றார்கள். மறு வருஷமே மஞ்சேஸ்வரத்தில் பா.ஜ.க.வின் கே.சுரேந்திரன் 89 வாக்கில் தோற்றார், கே.சுந்தரா வாங்கியது 467. எங்கள் ஆச்சி ஓட்டுப் போடப் போகும்போது கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். "பேர யாருல பாக்கா, சின்னத்தச் சொல்லு" என்பாள். தபால்தலை அளவுப் படம் அவளுக்கு என்ன செய்யும்?

இன்னொன்று. ஒரே பேர் இருந்தால் தொழிலையோ ஊரையோ சேர்த்துப் போட்டு வேறுபடுத்த வேண்டும் என்று 1961 தேர்தல் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. எங்கள் தெருவில் செய்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. ஆனால் அது 'ஒரே பேர்' என்கிறது. சுரேந்திரனும் சுந்தராவும் ஒரே பேர் இல்லையே. கிட்டத்தட்ட ஒத்துப்போகும் பேருக்கும் இதை நீட்டினால் பாதி வேலை முடியும்.

பிலிப்பைன்ஸில் கொஞ்சம் முரட்டு வழி. பேர் குழப்பத்துக்காகவே நிற்கிறார் என்று தெரிந்தால், தொல்லை வேட்பாளர் என்று அறிவித்துத் தேர்தல் ஆணையமே மனுவைத் தள்ளலாம். 2010-ல் புகாசோங் என்ற ஊரில் துணை மேயர் தேர்தல். காசிமிரா டெலா குரூஸ் 6,389, எதிராளி 6,428. வித்தியாசம் 39. அவுரேலியோ டெலா குரூஸ் என்பவருக்கு 532. அவரைத் தொல்லை வேட்பாளர் என்று தேர்தலுக்கு முன்பே அறிவித்தாயிற்று, ஆனாலும் பேர் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தது. அந்த 532-ஐயும் காசிமிரா கணக்கில் சேர்க்கச் சொல்லி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2012 கடைசியில். மூன்று வருஷப் பதவியில் பாதிக்கு மேல் போய்விட்டது.

இதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பேன். 532 பேருமே தெரியாமல் குத்தினார்கள் என்று யார் சொல்வது? மாமன் மச்சான் என்று போட்டவன் ஓட்டை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

தாமதம் நமக்கும் புதிதல்ல. 2016-ல் நம்ம ராதாபுரத்தில் அப்பாவு 49 வாக்கில் தோற்றதாக அறிவித்தார்கள். தபால் ஓட்டுப் பிரச்சினை, வழக்கு, 2019-ல் உயர் நீதிமன்றம் சொல்லி மறு எண்ணிக்கை, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றத் தடை. ஜெயித்ததாக அறிவிக்கப்பட்ட இன்பதுரையின் ஐந்து வருஷமும் அதற்குள் முடிந்தே போனது. ஆறு மாதத்தில் தேர்தல் வழக்கை முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, இருக்கட்டும்.

என் கணக்குக்கு, பிடிக்க வேண்டியது பேரை இல்லை, பணத்தை. ஒருவரைத் தேர்தலில் நிற்கவைக்கவோ விலகவைக்கவோ பணம் கொடுப்பது 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஏற்கெனவே லஞ்சம்தான். நிரூபிப்பதுதான் பாடு. மஞ்சேஸ்வரம் சுந்தராவே 2021-ல் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு, அதற்காக சுரேந்திரன் தரப்பில் 2.5 லட்சமும் ஒரு ஸ்மார்ட்போனும் கொடுத்தார்கள் என்று சொன்னார். வழக்கு நடந்தது, 2024-ல் காசர்கோடு நீதிமன்றம் சுரேந்திரனை விடுவித்தது.

சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000, நாடாளுமன்றத்துக்கு 25,000. சுயேச்சை என்றால் தொகுதிக்காரர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இதெல்லாம் ஒரே காலையில் கூடிவந்தால், பின்னால் ஒரு கார் நிற்கிறது என்று டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும். தேர்தல் செலவுக்கென்று வேட்பாளர் தனி வங்கிக் கணக்கு தொடங்கத்தான் செய்கிறார். டெபாசிட்டையும் அதிலிருந்தே கட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் பணம் போட்டவர் பேரும் வேட்புமனுவோடு வரட்டும்.

ஏழை நிற்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக நிற்கட்டும். ஊர் வசூலோ, மச்சினன் கொடுத்ததோ, நகையை அடகு வைத்ததோ, எதுவானாலும் எழுதிக் கொடுக்கட்டும். அது பொய் என்று தெரிந்தால், அப்புறம் வழக்குப் போடுகிறவர் கையில் ஒரு காகிதமாவது இருக்கும்.