புகை கேட்டா அடுப்புக்கரியை அப்புறீங்களே!

வைகாசி முகூர்த்தம் வந்தா போதும். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சாயங்கால ரிசப்ஷன்ல பொண்ணு அடுப்பூதிட்டு எழுந்து வந்த மாதிரி நிக்குது. கேட்டா அது ‘ஸ்மோக்கி ஐ’யாம், கண்ணைச் சுத்திப் புகை படிஞ்ச மாதிரி போடுற அலங்காரம்! கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்ற மேக்கப்காரங்களே, உங்களைத்தான் கேக்குறேன்.

விளக்குத் திரியிலேருந்து புகை எழும்புறதைப் பாத்திருக்கீங்கதானே? அடியில அடர்த்தியா இருக்கும், மேல போகப் போக மங்கும், எங்க முடிஞ்சதுன்னே தெரியாது. கண்ணுலயும் அதேதான். இமைமுடி ஓரத்துல கறுப்பு, மடிப்புல பழுப்பு, புருவ எலும்புக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம கரைஞ்சு போயிடணும். நீங்க புருவம் வரைக்கும் ஒரே கறுப்பை ஏத்திட்டு ஓரத்துல கோடு கிழிச்ச மாதிரி நிறுத்துறீங்க.

கறுப்பை முதல்ல எடுக்கிறதுதான் தப்போட ஆரம்பம். இமைக்கு உளுந்து அளவு பிரைமர், அதாவது நிறம் ஒட்டுறதுக்கு அடியில பூசுற பூச்சு, போதும். அதைத் தட்டித் தட்டிப் பரப்பி, மேல தோல் நிற பவுடரை லேசா ஒத்தணும். இந்தப் பவுடரைப் போடாம விட்டுட்டா ஈரப் பிரைமர் அடர் நிறத்தைத் தொட்ட இடத்துலயே பிடிச்சு வச்சுக்கும். அப்புறம் எவ்வளவு தேய்ச்சாலும் திட்டுத்திட்டாத்தான் நிக்கும். அடுத்து நடு பழுப்பு ஷேடோ, அதாவது இமைக்குப் பூசுற நிறப்பொடி. பஞ்சு மாதிரி இருக்கிற பிளெண்டிங் பிரஷ்ல எடுத்து, ஒருதடவை தட்டி உதறிட்டு, கண்ணைத் திறந்து நேரா பாக்கச் சொல்லி மடிப்புக்கு ஒரு நூல் மேல வைக்கணும். கண்ணை மூட வச்சுப் போட்டா, திறக்கும்போது பாதி மடிப்புக்குள்ள காணாமப் போயிடும். இமை இறங்கின கண்ணுக்கு இது ரொம்ப முக்கியம்.

அதுக்கப்புறம்தான் கறுப்புப் பென்சில். இமைமுடி ஓரத்துல தடிப்பா ஒரு கோடு. நீர் புகாத ஜெல் பென்சில் ஒரு நிமிஷத்துக்குள்ள இறுகிடும், அதனால ஒரு கண்ணுக்குப் போட்டு, உடனே சின்ன பிரஷ்ல மேல்நோக்கிக் கலைச்சு முடிச்சுட்டுத்தான் அடுத்த கண்ணு. ரெண்டுக்கும் சேர்த்துக் கோடு போட்டுட்டு போன் பேசப் போனீங்கன்னா, அந்த முதல் கோடு இனி அசையாது. அது மேல கறுப்பு ஷேடோவைத் தேய்க்காம அமுக்கி வைக்கணும். கடைசியா, எதையும் தொடாத சுத்தமான பிரஷ்ல ஓரத்தை மட்டும் ஒரு நிமிஷம் கரைக்கணும். அந்த ஒரு நிமிஷம்தான் யாருக்கும் கிடைக்கிறதில்ல!

முகத்துக்கு ஃபவுண்டேஷன் முழுசாப் போட்டுட்டு அப்புறம் கண்ணுக்கு வர்ற புத்திசாலிகளை என்ன சொல்றது? கறுப்புத் தூள் கன்னத்துல உதிரத்தான் செய்யும். அதை விரலால துடைச்சா சாம்பல் பூசின மாதிரி ஆயிடும். முதல்ல கண்ணு, அப்புறம் முகம். இல்லன்னா கண்ணுக்குக் கீழ லூஸ் பவுடரைத் தாராளமா போட்டு வச்சு, வேலை முடிஞ்சதும் விசிறி பிரஷ்ல தட்டி எடுங்க. சிலிக்கா கலந்த வெள்ளைப் பவுடரை அங்கேயே விட்டுட்டா ஃபிளாஷ் போட்டோவுல வெள்ளை வெள்ளையாத் தெரியும், ஆல்பம் முழுக்க!

இதுல நம்ம ஊர் வீட்டுக்குன்னு ஒரு தொல்லை வேற. வளவை, அதாவது வீட்டு நடுவுல வானம் பாத்துத் திறந்திருக்கிற முற்றத்தை, சுத்தியிருக்கிற அறைகள்ல வெளிச்சம் கம்மி. மஞ்சள் பல்பு ஒண்ணைப் போட்டு அலங்காரம் பண்ணா கறுப்புக்கும் பழுப்புக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால கை இன்னும் இன்னும் ஏத்துது. பொண்ணு வளவுக்கு வந்து நிக்கும்போது வானத்து வெளிச்சம் நேரா உச்சியிலேருந்து விழும். கண்குழியில ஏற்கெனவே நிழல், அது மேல உங்க கறுப்பு. கண்ணே காணோம்! நாற்காலியைத் தூக்கி வளவு ஓரத்துல, முகம் வெளிச்சத்தைப் பாக்கிற மாதிரி போட என்ன கேடு? பகல்ல போட்டோ எடுக்கப்போறாங்கன்னா கறுப்பைப் பாதியாக் குறைங்க.

நிறமும் அப்படித்தான். மாநிறத்துக்குச் சாம்பல் சாயல் ஷேடோவை வச்சா தோல் வெளிறி நோயாளி மாதிரி தெரியும். செங்கல், செம்பு, காப்பிப் பழுப்புன்னு சூடான நிறங்களைக் கறுப்புக்கு மேல ஓட விடுங்க. அரக்கும் மஞ்சளும் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைக்கு இதைவிடப் பொருத்தம் வேற கிடையாது. ஆனா உங்க பெட்டியில இருக்கிறது ஒரே சாம்பல் நிறத் தட்டு, அதுதான் எல்லாருக்கும்.

அப்புறம் அந்த வீட்டுக் கண்மை. விளக்கெண்ணெயில குழைச்ச மை எப்பவும் இறுகாது, வெக்கையில இன்னும் இளகும். ஆச்சி ஆசையாக் கொடுத்தாங்கன்னு கீழ்க்கண்ணுல தீட்டினா அரை மணியில கன்னத்துக்கு இறங்கிடும். ஆச்சி மனசு நோகாம ஒரு திருஷ்டிப் பொட்டா கன்னத்துல வச்சுட்டு, கண்ணுக்கு ஜெல் பென்சில் போடுங்க. கீழ் இமைக்கு வெளிப்பக்கம் மூணுல ஒரு பங்கு போதும்.

போட்ட மேக்கப்பைக் கலைக்கிறதைப் பத்தி யாரும் பொண்ணுகிட்டச் சொல்றதே இல்ல. நீர் புகாத மை வெறும் தண்ணிக்கும் சோப்புக்கும் லேசுல அசையாது. பஞ்சுல எண்ணெய் கலந்த ரிமூவரை நனைச்சு, மூடின இமையில 20 வினாடி வச்சிருந்து, கீழ்நோக்கி இழுத்தா வந்துடும். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா? சொல்லாம பெட்டியை மூடிட்டுக் கிளம்பிடுறீங்க, பொண்ணு ராத்திரி துண்டால தேய்ச்சுத் தேய்ச்சு, மறுவீட்டுக்குச் செவந்த கண்ணோட போகுது.