சாப்பிட வருகிறார்கள், தங்க இடம்தான் இல்லை

தமிழ்நாட்டுக்குச் சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்விதான் வரும். 2022-ல் மட்டும் உள்நாட்டுப் பயணிகள் வருகை கிட்டத்தட்ட 22 கோடி, நாட்டிலேயே உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்த இடம். சரி, சந்தோஷம். அதில் எங்கள் வடசென்னையில், ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் எத்தனை பேர் ஒரு ராத்திரியாவது தங்கினார்கள்?

கூட்டம் வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததிலிருந்தும், சாப்பாட்டு வீடியோக்கள் பெருகியதிலிருந்தும் நன்றாகவே வருகிறார்கள். சாயங்காலம் பர்மா பஜார் பக்கம் போய்ப் பாருங்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயத்தைத் திணித்து, பூண்டு எண்ணெயும் புளித்தண்ணியும் ஊற்றி ஒரே வாயில் போடச் சொல்லிக் கொடுப்பார்கள். பக்கத்தில் இன்னொருவர் ஆரஞ்சு நிற நூடுல்ஸை முட்டைகோஸோடு கையாலேயே பிசைந்து அத்தோ போட்டுக்கொண்டிருப்பார், கூடவே வாழைத்தண்டு சூப்பு. 1960-களில் பர்மாவிலிருந்து உடுத்திய துணியோடு திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சமையல் இது. வருகிறவர்கள் படம் எடுத்து, சாப்பிட்டு, ஒன்பது மணிக்குள் மெட்ரோ ஏறிவிடுகிறார்கள்.

ஹோட்டல் தொழிலில் காசு நிற்பது ராத்திரி தங்குகிறவரால்தான். அறை எடுத்த குடும்பம் காலையில் டிபன் சாப்பிடும், ஆட்டோ பிடிக்கும், துணி தேய்க்கக் கொடுக்கும், மதியம் மீன் குழம்பு எங்கே நன்றாயிருக்கும் என்று விசாரிக்கும். ஒரு தட்டு அத்தோவில் இதெல்லாம் நடக்காது. மண்ணடி, பாரிமுனையில் லாட்ஜ்கள் இல்லாமல் இல்லை, ஆனால் பெரும்பாலும் சரக்கு எடுக்க வரும் வியாபாரிகளுக்கானவை, பெண்கள் குழந்தைகளோடு போய் ஏறக் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும். மதுரையிலிருந்து எங்கள் சித்தி குடும்பம் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்க்க வந்தது, வீட்டில் இடம் போதவில்லை, கடைசியில் எழும்பூரில்தான் அறை போட்டோம். அந்த இரண்டு நாள் செலவு முழுக்க எழும்பூருக்குப் போச்சு. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள், அறையே இல்லாத ஊருக்கு அதில் என்ன லாபம்?

பார்க்க ஒன்றுமில்லையா என்றால், தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷன் இங்கேதான் இருக்கிறது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை, காளிகாம்பாள் கோயில், ஆர்மீனியன் சர்ச், காசிமேடு மீன் ஏலம் எல்லாம் சுற்ற ஒரு நாள் பத்தாது. நடுவில் ஒரு பெண் கழிப்பறை தேடினால் தெரியும் சங்கதி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய ஒரு மெஸ், லோடு ஏற்றுகிறவர்கள் சாப்பிடும் இடம், அரை மணி நேரம்தான் அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். வீடியோ ஒன்று ஓடியதும் வாசலில் கார்கள். பழைய ஆட்கள் வரிசையைப் பார்த்துவிட்டு எதிர்க்கடையில் பரோட்டா வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். வீடியோ கூட்டம் எத்தனை மாசத்துக்கு? ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது, வஞ்சிரம் விலை ஏறும். அது தெரியாமல் "கொள்ளை விலை" என்று எழுதி ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த மெஸ்காரர் என்னிடம், "தம்பி, கடலே லீவு, நான் இன்னா பண்ண?" என்றார்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, மீனவர்கள் தங்கள் படகிலேயே போய்க் கையால் அள்ளினார்கள். மீனை நம்பித்தான் இங்கே பாதி ஹோட்டல் ஓடுகிறது. அந்த ஆற்றைக் காப்பாற்றாமல் உணவுத் திருவிழா நடத்துவது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பெரிய நட்சத்திர ஹோட்டல் வேண்டாம், வந்தால் முதலில் ஏறுவது எங்கள் வீட்டு வாடகைதான். மாடியில் இரண்டு அறை சும்மா வைத்திருப்பவர்கள் அதைச் சுத்தமாகக் கட்டிப் பயணிகளுக்கு விட, அலைச்சல் இல்லாத லைசென்ஸும் சின்னக் கடனும் கிடைத்தால் போதும். திருவொற்றியூர் தேரடியிலும் காசிமேட்டிலும் பூட்டாத கழிப்பறை வேண்டும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இந்த முறை இதைத்தான் கேட்கப் போகிறேன், நீங்களும் கேளுங்கள்.