கிரெடிட்டைக் கண்ணால பார்க்காம சிஜிபிஏ போடாதீங்க

ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி எந்த இஞ்சினியரிங் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இதேதான். ஒன்பது பாடத்தோட கிரேடையும் பாயின்டா மாத்தி, கூட்டி, ஒன்பதால வகுத்து "எனக்கு ஜிபிஏ 8.33"னு போட வேண்டியது. (ஜிபிஏன்னா ஒரு செமஸ்டரோட சராசரி கிரேடு பாயின்ட், சிஜிபிஏன்னா எல்லா செமஸ்டருக்கும் சேர்த்து.) அப்புறம் மார்க் ஷீட்ல வேற நம்பர் வந்தா யுனிவர்சிட்டி ஏமாத்திடுச்சுன்னு கத்த வேண்டியது. ஒவ்வொரு பாடத்துக்கும் இவ்வளவு எடைன்னு ஒரு கிரெடிட் இருக்கு, அதால பெருக்கணும்னு யாருமே சொல்லித் தரலை, அதுதான் வயித்தெரிச்சல். பன்னெண்டு வருஷம் மார்க்கை வெறுமனே கூட்டியே வளர்ந்த பிள்ளைங்க. புதுசா சேர்ந்ததும் இன்டக்ஷன்னு நாள்கணக்கா உட்கார வைக்கறாங்களே, அதுல ஒரு அரைமணி நேரம் இந்தக் கணக்கை போர்டுல போட்டுக் காட்டினா குறைஞ்சா போயிடும்?

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளோட 2021 ரெகுலேஷன் (பாடத்துக்கும் தேர்வுக்குமான விதிகள்), முதல் செமஸ்டரையே எடுத்துக்குவோம். மொத்தம் 22 கிரெடிட். கணக்குப் பாடம் 4. இங்கிலீஷ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான் தலா 3. பைத்தான் லேப் 2, பிசிக்ஸ்-கெமிஸ்ட்ரி லேப் 2. தமிழர் மரபு 1, இங்கிலீஷ் லேப் 1. கிரேடுக்கு பாயின்ட்: ஓ 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5.

ஒரு மாணவிக்கு கணக்குல பி, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டுலயும் பி பிளஸ், இங்கிலீஷ், பைத்தான் ரெண்டுலயும் ஏ, தமிழர் மரபு, பைத்தான் லேப், இங்கிலீஷ் லேப் மூணுலயும் ஓ, இன்னொரு லேப்ல ஏ பிளஸ்னு வைங்க. பாயின்டை மட்டும் கூட்டினா 75. ஒன்பதால வகுத்தா 8.33. இப்ப ஒவ்வொண்ணையும் அதோட கிரெடிட்டால பெருக்குங்க: கணக்கு 24, பிசிக்ஸ் 21, கெமிஸ்ட்ரி 21, இங்கிலீஷ் 24, பைத்தான் 24, பைத்தான் லேப் 20, இன்னொரு லேப் 18, தமிழர் மரபு 10, இங்கிலீஷ் லேப் 10. மொத்தம் 172. 22-ஆல வகுத்தா 7.82. அரை பாயின்ட் எங்கே போச்சுன்னா, ஒரு கிரெடிட் லேப்ல வாங்கின ஓவையும் நாலு கிரெடிட் கணக்குல வாங்கின பி-யையும் ஒரே தராசுல வெச்சதுல போச்சு.

அரியர் விழுந்தா இன்னும் மோசம். அதே மாணவிக்கு கணக்குல யூ, அதாவது பெயில், விழுந்துடுச்சுன்னா, யூ கிரேடு ஜிபிஏ கணக்குல சேராது. மேல இருந்து 24 போகும், கீழ இருந்து 4 போகும். 148-ஐ 18-ஆல வகுத்தா 8.22! பெயிலானதால நம்பர் ஏறுது. அதைப் பார்த்து நிம்மதியாத் தூங்கிடுறாங்க. அடுத்த தடவை எழுதி சி வாங்கி பாஸானதும் 168-ஐ 22-ஆல வகுக்கணும், 7.64. "அரியரை கிளியர் பண்ணியும் சிஜிபிஏ குறைஞ்சிடுச்சே"ன்னு அப்பத்தான் அழறாங்க. அரியர் இருக்கறப்ப தெரியற சிஜிபிஏவை நம்பி பிளேஸ்மென்டுக்குத் திட்டம் போடாதீங்கப்பா. அந்தப் பாடத்துக்கு 5 பாயின்ட் வெச்சு ஒருதரம் போட்டுப் பாருங்க, அதுதான் உங்க கையில இருக்கற நிஜ நம்பர்.

எட்டு செமஸ்டர் ஜிபிஏவையும் கூட்டி எட்டால வகுக்கறதும் இதே தப்புதான். கடைசி செமஸ்டர்ல புராஜெக்ட், 10 கிரெடிட். ஏழு செமஸ்டர் முடிய 150 கிரெடிட், ஒவ்வொண்ணுலயும் 7.40-னு வைங்க, புராஜெக்டுல ஓ. எட்டால வகுத்தா 7.73 வரும். சரியான கணக்கு: 1110-ம் 100-ம் சேர்ந்து 1210, அதை 160-ஆல வகுத்தா 7.56. சீரோ கிரெடிட் பாடங்கள் இதுல எங்கயுமே வராது.

சீனியர் குடுத்த எக்செல்லை அப்படியே நம்பறது இன்னொரு கொடுமை. 2017 ரெகுலேஷன்ல 50-லேர்ந்து 60 வரைக்கும் பி, 6 பாயின்ட். 2021-ல 50-லேர்ந்து 55 வரைக்கும் சி, 5 பாயின்ட்தான். 52 மார்க் வாங்கினவங்க பழைய ஷீட்ல போட்டா நாலு கிரெடிட் பாடத்துல, கிரெடிட்டால பெருக்கின மொத்தத்துல நாலு பாயின்ட் சும்மா ஏறிடும். உங்க ரெகுலேஷன் எந்த வருஷத்துதுன்னு முதல்ல பாருங்க.

இதெல்லாம் சரியாப் போட்டு முடிச்சாலும், வேலைக்கான விண்ணப்பத்துல "சதவீதம்"னு ஒரு கட்டம் வந்து நிக்கும். 6.4 இருக்கு, 60 சதவீதம் வேணுங்கறாங்க. பத்தால பெருக்கினா 64. 9.5-ஆல பெருக்கினா 60.8. 0.75-ஐக் கழிச்சுட்டுப் பத்தால பெருக்கினா 56.5. ஒரே ஆள், ரெண்டு வழியில தகுதி, ஒரு வழியில வெளியே! அந்த 9.5, சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குன்னு வந்தது, இஞ்சினியரிங்குக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 0.75 கழிக்கறது ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) பட்டியலோட ஒத்துப்போற கணக்கு: 6.25-க்கு 55, 6.75-க்கு 60, 8.25-க்கு 75.

உண்மையில கிரேடுலேர்ந்து மார்க்குக்குத் திரும்பிப் போகவே முடியாது. எல்லாத்துலயும் 71 வாங்கினவருக்கும் 8.00, எல்லாத்துலயும் 80 வாங்கினவருக்கும் 8.00. பத்தால பெருக்கினா ரெண்டு பேருமே 80 ஆயிடுறாங்க. அதனால நெட்ல கிடைச்ச பார்முலாவைப் போடாதீங்க. உங்க பல்கலைக்கழகம் என்ன மாற்றுவிதி குடுத்திருக்குன்னு மார்க் ஷீட்டோட பின்பக்கத்துலயும் ரெகுலேஷன்லயும் தேடுங்க. இல்லைன்னா தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துல எழுத்துல கேட்டு வாங்கி, விண்ணப்பத்தோட சேர்த்து வைங்க. நீங்களா ஒரு நம்பரைப் போட்டு, சான்றிதழ் சரிபார்ப்புல அது ஒத்துவராமப் போனா, கையில கிடைச்ச வேலையே போயிடும்.

விண்ணப்பத்தைத் தயாரிக்கறவங்களே, அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துல "பத்துக்கு எத்தனை"ன்னு இன்னொரு கட்டம் வைங்க. மார்க் ஷீட்ல அச்சாகியிருக்கற நம்பரை அப்படியே போடட்டும்.